ஓவர்கிளாக் கணினிக்கு எஸ்எம்பிஎஸ் வாங்கும் முன்

விளையாடிக்கொண்டிருக்கும்போதே கணினி பட்டென்று அணைந்துவிட்டது. நீலத் திரை வரவில்லை, படம் உறைந்து நிற்கவில்லை, ஸ்பீக்கரில் இரைச்சலும் இல்லை. யாரோ சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கியது போல ஒரே நொடியில் இருட்டு. அந்த வாரம்தான் பிராசஸரை ஓவர்கிளாக் செய்திருந்தேன், அதாவது அதற்கென்று வைத்த வேகத்தைத் தாண்டி ஓடவிட்டிருந்தேன். ஆகவே குற்றவாளி அதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். ஓவர்கிளாக் நிலையாக நிற்காவிட்டால் வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்று என்பது எல்லோரும் சொல்லும் கைவைத்தியம். ஏற்றினேன். அரை மணிக்கு ஒருமுறை அணைந்துகொண்டிருந்தது, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அணைய ஆரம்பித்தது.

மூன்று வாரம் பயாஸோடு (கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் இடம்) மல்லுக்கட்டிய பிறகு, நண்பர் ஒருவர் தன் வீட்டு எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியை, கழற்றிக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தார். அதே ஓவர்கிளாக், அதே விளையாட்டு. விடிய விடிய ஓடியது. ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பெட்டியின் தலையில், வோல்டேஜை ஏற்றி ஏற்றி நானே மூட்டையை அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த மூன்று வாரத்தில் கற்றதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீலத் திரை வருவது, விளையாட்டு மட்டும் மூடிக்கொள்வது, படம் உறைவது எல்லாம் பெரும்பாலும் பிராசஸர், ரேம் அல்லது கிராபிக்ஸ் கார்டின் ஓவர்கிளாக் கோளாறு. கரண்ட் போனது போல மொத்தமாக அணைந்தால், அதிலும் பின்பக்க ஸ்விட்சை அணைத்துப் போட்டால்தான் மறுபடி உயிர் வருகிறது என்றால், எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ளக் கடையை மூடிவிட்டது என்று சந்தேகிக்கலாம். பிராசஸர் எல்லை மீறிச் சூடானாலும் இப்படித்தான் அணையும் என்பதால், வெப்பநிலையை ஒருமுறை பார்த்துவிட்டு அப்புறம் எஸ்எம்பிஎஸ் மேல் பழி போடுங்கள்.

ஸ்டிக்கரைப் படிப்பது

பவர் சப்ளை என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் கடையில் கேட்கும்போது நம் வாயில் வருவது எஸ்எம்பிஎஸ்தான். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏசி மின்சாரத்தை வாங்கி, 12, 5, 3.3 வோல்ட் டிசி மின்சாரமாக மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. இந்த மூன்றில் உங்களுக்கு முக்கியம் 12 வோல்ட். இன்றைய கணினியில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் கிட்டத்தட்ட முழுக்க அதிலிருந்துதான் சாப்பிடுகின்றன. மற்ற இரண்டும் எஸ்எஸ்டி, யூஎஸ்பி போன்ற சில்லறைச் செலவுக்கு.

என்னை அலைக்கழித்த பெட்டியின் வெளியே கொட்டை எழுத்தில் 600 என்று போட்டிருந்தது. பக்கவாட்டில் கட்டம் கட்டிய ஸ்டிக்கரை நான் ஒருநாளும் படித்ததில்லை. கழற்றி வைத்த பிறகுதான் படித்தேன். 12 வோல்ட் வரிசையில் 32 ஆம்பியர். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட், அதாவது 384 வாட். மீதி எங்கே? 5 வோல்ட்டில் 25 ஆம்பியர், 125 வாட். 3.3 வோல்ட்டில் 22 ஆம்பியர், ஏறக்குறைய 73 வாட். ஸ்டாண்ட்பை வரிசையில் இன்னும் பன்னிரண்டு சொச்சம். எல்லாவற்றையும் கூட்டினால் 594 வரும், அதை 600 ஆக்கிவிட்டார்கள். பந்தியில் போட்ட ஊறுகாயையும் உப்பையும் சேர்த்து எடை போட்டு, இத்தனை கிலோ சாப்பாடு போட்டோம் என்று சொல்வது போல. என் கணினிக்குச் சோறு 384 வாட்தான்.

இப்போது நல்ல 750 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றின் ஸ்டிக்கரைப் பாருங்கள். 12 வோல்ட் வரிசையில் 62.5 ஆம்பியர் என்று இருக்கும். பெருக்கினால் 750. அதாவது சொன்ன திறன் முழுவதையும் 12 வோல்ட்டிலேயே தர அதனால் முடியும். கடையில் நிற்கும்போது செல்போன் கால்குலேட்டரில் இந்த ஒரு பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். பெட்டியில் சொன்ன எண்ணுக்கும் 12 வோல்ட் கணக்குக்கும் பத்து, இருபது வாட் வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. நூற்றைத் தாண்டினால் கீழே வைத்துவிடுங்கள்.

ஓவர்கிளாக் எவ்வளவு தின்னும்?

வேகத்தை 5% கூட்டினால் மின்சாரமும் 5% கூடும் என்றுதான் புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். வேகம் மட்டும் கூடினால் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் அந்த வேகத்தைத் தாங்க வோல்டேஜையும் ஏற்ற வேண்டியிருக்கிறதே, அங்கேதான் செலவு. சிப் தின்னும் மின்சாரம் வேகத்துக்கு நேர்விகிதத்தில் கூடும். வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 1.25 வோல்ட்டில் ஓடும் பிராசஸரை 1.375 வோல்ட்டுக்கு ஏற்றுகிறீர்கள் என்று வையுங்கள், அது 10% கூடுதல். 1.1-ஐ 1.1-ஆல் பெருக்கினால் 1.21. வேகத்தின் 5%-ஐயும் சேர்த்தால் 1.27. முன்பு 200 வாட் தின்றது இப்போது 254 வாட் தின்னும். ஐந்து சதவீத வேகத்துக்கு இருபத்தேழு சதவீத மின்சாரம்! சிப் சூடாகும்போது கசியும் மின்சாரம் இதற்கு மேல் தனிக்கணக்கு.

ஒரு நிஜக் கணினியை எடுத்துக் கூட்டிப் பார்ப்போம். இன்டெல் கோர் ஐ7-14700கே. பெட்டியில் 125 வாட் என்று இருக்கும், அது அடிப்படை வேகத்துக்கான எண். தேவைப்படும்போது சிப் தானே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் டர்போவில் இன்டெல் அனுமதிக்கும் உச்சம் 253 வாட். ஓவர்கிளாக் செய்து, சிப்பை முழு மூச்சில் ஓடவைக்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓட்டினால் 300 என்று வைத்துக்கொள்ளலாம். (13, 14-ஆம் தலைமுறை இன்டெல் சிப்புகளில் வோல்டேஜ் அளவுக்கு மீறிப் போய்ச் சிப் சேதமாகும் பிரச்சினை இருந்தது, 2024-இல் அதற்குத் திருத்தம் வெளியிட்டார்கள். இந்தச் சிப் வைத்திருந்தால் பயாஸை அப்டேட் செய்யாமல் ஓவர்கிளாக் பக்கமே போகாதீர்கள்.) அடுத்து கிராபிக்ஸ் கார்டு, ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ சூப்பர். அதன் கணக்கு 285 வாட். அது தின்னக்கூடிய வாட்டின் உச்சவரம்பான பவர் லிமிட்டை 10% தள்ளினால் 315-ஐ ஒட்டி வரும். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, நாலைந்து ஃபேன், லிக்விட் கூலரின் பம்ப், கேபினெட்டில் மினுக்கும் விளக்குகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 75. மொத்தம் 690.

பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் ஒரே நேரத்தில் உச்சத்தில் ஓடும் விளையாட்டு அபூர்வம். இந்தக் கணினி விளையாட்டில் 450, 500 வாட்டைச் சுற்றித்தான் இருக்கும். அப்படியானால் 700 வாட் போதாதா என்று கேட்கலாம். கார்டின் சிப்பைச் செய்யும் என்விடியாவே இதற்கு 700 என்றுதான் பரிந்துரைக்கிறது. ஓவர்கிளாக் செய்யாதவருக்குச் சரி. நான் இந்தக் கணினிக்கு 850 வாங்குவேன். அதற்குக் காரணம் சராசரியில் இல்லை, நொடிக்குள் நடப்பதில் இருக்கிறது.

மோட்டார் போட்டால் மங்கும் விளக்கு

வீட்டில் தண்ணீர் மோட்டார் போடும் கணத்தில் ட்யூப்லைட் ஒருமுறை மங்கி நிமிர்வதைப் பார்த்திருப்பீர்கள். கிராபிக்ஸ் கார்டும் அதே வேலையைச் செய்கிறது, நொடிக்குப் பல நூறு முறை. 320 வாட் கார்டு என்றால் அது சராசரிதான். திரையில் திடீரென்று ஒரு வெடிப்புக் காட்சி வந்தால், ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவான நேரத்துக்கு அது 450-ஐத் தாண்டி எகிறும். சுவரில் செருகும் மின் மீட்டரில் இது தெரியாது, ஆசிலோஸ்கோப் வைத்தால்தான் தெரியும். 2020-இல் ஆர்டிஎக்ஸ் 3080, 3090 வந்தபோது இந்தத் துள்ளல் பெரிய பேச்சானது. கணக்குப்படி போதுமான வாட் வைத்திருந்தவர்களின் கணினிகள்கூட அணைந்தன.

அணைந்தது எஸ்எம்பிஎஸ் கெட்டுப்போனதால் அல்ல. அதற்குள் காவல்காரர்கள் சிலர் இருக்கிறார்கள். ஓசிபி என்பவர் ஒரு வரிசையில் ஆம்பியர் அளவு மீறினால் அணைப்பார். ஓபிபி மொத்த வாட்டைப் பார்ப்பார். ஓவிபி, யுவிபி இருவரும் வோல்டேஜ் கூடுவதையும் குறைவதையும் கவனிப்பார்கள். ஷார்ட் சர்க்யூட்டுக்கு எஸ்சிபி, சூட்டுக்கு ஓடிபி. கிராபிக்ஸ் கார்டு எகிறும் அந்தக் கணத்தில், 12 வோல்ட் அளவுக்கு மீறிச் சரிந்தாலோ காவல்காரர் ரொம்ப விறைப்பான ஆளாக இருந்தாலோ கதவு மூடிவிடும். ஓவர்கிளாக் செய்த கார்டு என்றால் எகிறும் உயரமும் கூடும்.

எஸ்எம்பிஎஸ் எப்படி இருக்க வேண்டும் என்று 2022-இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. கிராபிக்ஸ் கார்டுக்கான புதிய 16 பின் கனெக்டர் உள்ள பெரிய எஸ்எம்பிஎஸ், தன் திறனைப் போல இரண்டு மடங்குச் சுமையை 100 மைக்ரோசெகண்ட் நேரம் அசையாமல் தாங்க வேண்டும். அதாவது 850 வாட் பெட்டி, கண் இமைப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துக்கு 1700 வாட்டைத் தாங்கும். இன்று புதிதாக வாங்குபவர் பெட்டியில் ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்று இருக்கிறதா பார்க்கச் சொல்வேன். பழைய விதிமுறைப்படி செய்த தரமான எஸ்எம்பிஎஸ் ஏற்கெனவே கையில் இருந்தால் தூக்கிப்போட வேண்டாம், கொஞ்சம் கூடுதல் வாட் இருந்தால் அதுவே சமாளித்துக்கொள்ளும்.

இன்னொரு பக்கமும் உண்டு. பயந்துகொண்டு 1200 வாட் வாங்குவது பணத்துக்குக் கேடு. மேலே சொன்ன கணினி 850 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் விளையாடும்போது பாதிச் சுமையைக் கொஞ்சம் தாண்டித்தான் இருக்கும். சத்தமில்லாமல் ஓடும், சூடும் குறைவு. ஆர்டிஎக்ஸ் 5090 போல 575 வாட் கார்டு வாங்கும் எண்ணம் இருந்தால் கதை வேறு, அதற்கு என்விடியா பரிந்துரைப்பதே 1000.

தங்க முத்திரை எதைச் சொல்கிறது

80 பிளஸ் பிரான்ஸ், கோல்டு, பிளாட்டினம் என்ற முத்திரையைப் பார்த்துத்தான் பலரும் வாங்குகிறார்கள். 2004-இல் தொடங்கிய இந்தத் திட்டம் அளப்பது ஒன்றை மட்டும்: சுவரிலிருந்து வாங்கிய மின்சாரத்தில் எவ்வளவு கணினிக்குப் போய்ச் சேர்கிறது, எவ்வளவு சூடாக வீணாகிறது. 115 வோல்ட் சோதனையில், பாதிச் சுமையில் கோல்டுக்கு 90%, பிரான்ஸுக்கு 85% தேற வேண்டும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 90% என்றால் 750 வாட் பெட்டி 675 வாட்தான் தரும் என்று அர்த்தமில்லை. 750-ஐயும் தரும். அதற்காகச் சுவரிலிருந்து எண்ணூற்றுச் சொச்சம் வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். கணினிக்கு 500 வாட் வேண்டுமென்றால் கோல்டு 556 வாட் இழுக்கும், பிரான்ஸ் 588 வாட் இழுக்கும். தினம் நாலு மணி நேரம் விளையாடினால் மாதத்துக்கு நாலு யூனிட் வித்தியாசம். கரண்ட் பில்லைக் காட்டி கோல்டு விற்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள், சிரிப்பார்.

கோல்டை நான் வாங்குவது வேறு காரணத்துக்காக. அந்த அளவு திறமை வேண்டுமென்றால் உள்ளே ஓரளவு நவீனமான வடிவமைப்பு இருந்தாக வேண்டும். ஆனால் முத்திரையே தரம் ஆகிவிடாது. 12 வோல்ட் எவ்வளவு நிலையாக நிற்கிறது, காவல்காரர்கள் சரியாக வேலை செய்கிறார்களா என்பதை அந்தச் சோதனை பார்ப்பதில்லை. 2021-இல் கிகாபைட்டின் ஜிபி-பி750ஜிஎம், ஜிபி-பி850ஜிஎம் என்ற இரண்டு மாடல்கள் விமர்சகர்களின் சோதனை மேசையிலேயே வெடித்தன. இரண்டும் கோல்டு முத்திரை வாங்கியவை. அந்த ஆகஸ்டில் நிறுவனம் ஓர் அறிக்கை விட்டது. அதில், 120 முதல் 150% வரை இருந்த ஓபிபி எல்லையை 110 முதல் 120%-க்குக் குறைத்ததாகச் சொன்னது, குறிப்பிட்ட சீரியல் எண்களுக்கு மாற்றித் தரவும் முன்வந்தது. ஓவர்கிளாக் செய்பவருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. காவல்காரர் விறைப்பாக இருந்தால் கணினி அணையும், ரொம்பத் தாராளமாக இருந்தால் பெட்டியே போய்விடும்.

ஆகவே பிராண்டை மட்டும் பார்க்காமல் மாடலைப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் விற்கும் பல நிறுவனங்கள் தாங்களே தொழிற்சாலை வைத்துச் செய்வதில்லை. சீசானிக் சொந்தமாகச் செய்கிறது, கோர்சேர் பிறரிடம் செய்து வாங்குகிறது. ஒரே பிராண்டில் ஒரு மாடல் தங்கமாகவும் இன்னொன்று தகரமாகவும் இருக்கலாம். சைபெனடிக்ஸ் என்ற அமைப்பு சுமையைப் பல அளவில் மாற்றி மாற்றிச் சோதித்துத் தரச்சான்று தருகிறது, ஃபேன் சத்தத்தையும் தனியாக அளக்கிறது. நீங்கள் பார்க்கும் மாடலுக்கு அவர்கள் அறிக்கை இருக்கிறதா என்று தேடுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் வாரண்டியைப் பாருங்கள். பத்து வருடம் தருபவர் தன் சரக்கை ஓரளவு நம்புகிறார், இரண்டு வருடம் தருபவர் உங்களையும் நம்பச் சொல்லவில்லை.

நல்ல எஸ்எம்பிஎஸ் போட்டால் ஓவர்கிளாக் கூடுதலாக ஏறும் என்று சிலர் சொல்வார்கள். நான் நம்புவதில்லை. 12 வோல்ட் நேராகப் பிராசஸருக்குள் போவதில்லை. மதர்போர்டில் பிராசஸரைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் விஆர்எம் அதை 1.3 வோல்ட் அளவுக்குக் குறைத்து வடிகட்டித்தான் கொடுக்கிறது. எஸ்எம்பிஎஸ் மோசமாக இருந்தால் காலை வாரும், நன்றாக இருந்தால் வழிவிடும். சிறகு முளைக்க வைக்காது.

நம் ஊர் வெயிலும் கரண்ட் கட்டும்

80 பிளஸ் சோதனை 23 டிகிரியை ஒட்டிய ஏசி அறையில் நடக்கிறது. சித்திரை மாதத்து மதியம், மாடி அறை, ஏசி கிடையாது, கேபினெட்டுக்குள் 600 வாட் சூடு. எஸ்எம்பிஎஸ்ஸின் முழுத் திறன் எந்த வெப்பநிலை வரை கிடைக்கும் என்பதை நல்ல நிறுவனங்கள் குறிப்பிடுவார்கள். 40 டிகிரி பரவாயில்லை, 50 டிகிரி நல்லது. அந்த வரியே இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

அப்புறம் யூபிஎஸ். பல வீடுகளில் இருக்கும் 600 விஏ யூபிஎஸ் தருவது 360 வாட்தான். விளையாடும்போது கரண்ட் போனால் அதுவும் கூடவே போகும். சுவரிலிருந்து மின்சாரத்தைச் சீராக இழுக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சுற்று எல்லா நல்ல எஸ்எம்பிஎஸ்ஸிலும் உண்டு. மலிவான யூபிஎஸ் தரும் படிக்கட்டு வடிவ மின்சாரம் சிலவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, மாறும் கணத்தில் அணைந்துவிடும். வசதி இருந்தால், சுவர் மின்சாரம் போலவே சீரான அலையாகத் தரும் ப்யூர் சைன் வேவ் யூபிஎஸ் வாங்கலாம். இல்லாவிட்டால் யூபிஎஸ்ஸை ரவுட்டருக்கும் மானிட்டருக்கும் விட்டுவிடுங்கள். லோ வோல்டேஜ் பகுதியில் இருப்பவர்கள் ஸ்டிக்கரில் 100-240 வோல்ட் என்று இருக்கிறதா பார்த்து வாங்க வேண்டும். 200-240 மட்டும் போட்ட மாடல்களும் கடையில் இருக்கின்றன.

மாட்டும்போது

பழைய 8 பின் கேபிள் ஒன்று கிராபிக்ஸ் கார்டுக்கு 150 வாட் தரும் என்பது விதிமுறைக் கணக்கு. கார்டில் இரண்டு 8 பின் இருந்தால், ஒரே கேபிளின் நுனியில் வாலாகத் தொங்கும் இரண்டாவது தலையை மாட்டாமல், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனிக் கேபிள் எடுங்கள். ஓவர்கிளாக் செய்பவர்கள் இதில் சோம்பல் படவே கூடாது. புதிய 16 பின் கனெக்டர் 600 வாட் வரை தரும். 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த சில வாரங்களிலேயே அது உருகிய படங்கள் வெளிவந்தன. முழுதாக உள்ளே போகாமல் அரைகுறையாக நின்றது முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. ஏடிஎக்ஸ் 3.1-இல் அதைத் திருத்தி, சரியாக உட்காராவிட்டால் கார்டு மின்சாரம் கேட்காதபடி சின்னப் பின்களைக் குட்டையாக்கினார்கள். எந்த வகையாக இருந்தாலும், இடைவெளி தெரியாத வரை அழுத்துங்கள். கனெக்டரை ஒட்டிக் கேபிளை மடக்காதீர்கள்.

கடைசியாக, கேபிளைக் கழற்றி மாட்டும் மாடுலர் வகை. நண்பர் எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி எடுத்துப்போன பிறகு நானும் ஒன்று புதிதாக வாங்கினேன். கேபினெட்டின் முதுகுப் பக்கம், ஹார்டு டிஸ்க்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் பழைய சாட்டா கேபிள் அழகாகக் கட்டி வைத்திருந்தது, அவிழ்க்க மனசில்லை. அதன் நுனி புதிய பெட்டியிலும் கச்சிதமாகப் பொருந்தியது. ஸ்விட்சைப் போட்டதும் ஹார்டு டிஸ்க்கிலிருந்து சின்னதாக ஒரு டிக், பிறகு கருகிய வாடை. டிஸ்க் பக்கத்து நுனி எல்லாக் கேபிளிலும் ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ் பக்கத்து நுனியில் எந்த ஓட்டையில் 12, எதில் 5 என்பதற்குப் பொது விதி கிடையாது. பிராண்டுக்குப் பிராண்டு மாறும், ஒரே பிராண்டுக்குள் மாடலுக்கு மாடல்கூட மாறும். 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 போயிருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினால் கேபிளையும் ஒன்றுவிடாமல் மாற்றுங்கள். பழைய கேபிள்களைப் பழைய பெட்டியோடு சேர்த்துக் கட்டி, அதிலேயே மாடல் பெயரையும் எழுதி வைத்துவிடுங்கள்.